பதினைந்து வயதுப் பையனோடு சிரித்துப் பிழைப்பது எப்படி

இலங்கை மலையகத்தில், தலவாக்கலை டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பள்ளிக்கூட உடுப்புதான். அதனால் இந்தப் பக்கத்துத் தாய் தகப்பன்மார் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் புகாரெல்லாம் அளவெடுக்கிற நேரத்தில் என் காதில் விழும். பையனைக் கையைத் தூக்கச் சொல்லி நான் நெஞ்சளவு எடுத்து முடிப்பதற்குள் அவனுடைய அம்மா போன மாதத்துக் குற்றப்பத்திரிகையை வாசித்து முடித்திருப்பார். பையன் தூக்கிய கையை இறக்காமல் நிற்பான். இறக்கினால் அடுத்த குற்றம் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

எனக்கும் வீட்டில் ஒருவன் இருக்கிறான். தரம் 10 படிக்கிறான். அவனுக்கு மூத்தவள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெறுகிறாள். மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அம்மாயி. எல்லோரும் லயத்தில்தான், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில். இந்தக் கூட்டத்துக்குள் ஒரு பையன் வளர்ந்தால் தினம் ஒரு கூத்து நடக்கும். நடக்கிற கூத்தில் சிரிப்பை எடுத்துக்கொண்டு காயத்தை விட்டுவிடுவது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன். கோபத்தை அடக்குவது பற்றி எழுதவில்லை. அதைச் சொல்லித்தர சாமியார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கரண்ட், நெருப்பு, இரத்தம்

சிரிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இந்த மூன்றும். இதில் ஏதாவது சம்பந்தப்பட்டிருந்தால் சிரிப்பு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஒரு சனிக்கிழமை மனைவி கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது, 11 மணிக்கு ரைஸ் குக்கரில் சோறு போடச் சொல்லிவிட்டுப் போனாள். பையன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். அரிசியைக் கல் பார்த்துக் கழுவினான், விரல் கணுவை வைத்துத் தண்ணீர் அளந்தான். ஒன்றே ஒன்றுதான் குறை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த உள்சட்டியை மறந்துவிட்டு, அரிசியையும் தண்ணீரையும் நேராகக் குக்கருக்குள் கொட்டிவிட்டான். சுவிட்சைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. கடைக்கு போன் வந்தது.

"அப்பா, இந்தக் குக்கர்ல தண்ணி நிக்க மாட்டேங்குது."

"அது எப்படிடா நிக்காம போகும்?"

"கீழே ஒழுகுது. மேசையெல்லாம் தண்ணி."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. ஆனாலும் முதலில் சொன்னது, "எதையும் தொடாதே. விழுந்த ட்ரிப்பைத் தூக்காதே, மெயினையும் அணை. கையைத் துடைச்சு, செருப்பைப் போட்டுக்கிட்டு பிளக்கைக் கழட்டு. கழட்டிட்டுச் சொல்லு." கழற்றினேன் என்றான். ஷொக் அடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். அதற்குப் பிறகுதான், "சட்டி எங்கே இருக்கு, பாரு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயோ" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

வரிசை மாறினால் இதே சிரிப்பு வேறு ஒன்றாகிவிடும். தனக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்து நிற்கிற பிள்ளையின் காதில் தகப்பனின் சிரிப்பு முதலில் விழுந்தால், அடுத்த தடவை அவன் போன் எடுக்க மாட்டான். தானே ட்ரிப் சுவிட்சைத் தூக்கிப் பார்ப்பான். அது ஆபத்து.

இன்னொன்று. சிரித்துவிட்டோம் என்பதற்காக மேசையை நீங்கள் துடைக்கப் போகாதீர்கள். குக்கருக்குள் போன அரிசியை அவன்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான், மேசையையும் அவன்தான் துடைத்தான். தண்ணீர் போன குக்கரை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்கு ஆசை வரும். வேண்டாம். கரண்ட் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் பாணும் பருப்பும்.

"ஏன்" என்று கேட்டால் "சும்மா" என்றுதான் வரும்

"ஏன்டா இப்படிச் செஞ்சே?" என்ற கேள்விக்கு இந்த வயதில் பதில் கிடையாது. நிஜமாகவே அவர்களுக்கும் தெரியாது. "எப்படிச் செஞ்சே?" என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும். கதை வந்தால் சிரிப்பும் வரும்.

எங்கள் வீட்டு லோங்ஸ் (நீளக் காற்சட்டை) கதை இப்படித்தான் வெளியே வந்தது. வெள்ளை லோங்ஸ் போடத் தொடங்கிய உடனே பையன்களுக்கு பொட்டத்தை, அதாவது கால் நுனியின் சுற்றளவை, குறைக்கும் ஆசை வந்துவிடும். கடையில் என்னிடம் கேட்காத பையனே இல்லை. பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள் என்பதால் நானும் குறைத்துக் கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட தையல்காரன் வீட்டுப் பையன் வேறு என்ன செய்வான்? எல்லோரும் தூங்கிய பிறகு வீட்டில் இருக்கிற பழைய மெஷினில் தானே உட்கார்ந்து 16 அங்குல பொட்டத்தை 11 ஆக்கிவிட்டான். சத்தம் வரக்கூடாது என்று காலால் மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றித் தைத்திருக்கிறான். இந்தப் பொறுமையில் பாதியைக் கணக்குப் பாடத்தில் காட்டியிருந்தால் என்று எனக்கும் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

காலையில் குதிக்கால் உள்ளே போகவில்லை. பையன் யோசித்திருக்கிறான். ஒரு ஷொப்பிங் பேக்கைக் காலில் மாட்டிக்கொண்டு, அதன் மேல் லோங்ஸை வழுக்கி இழுத்துவிட்டு, பேக்கைக் கீழே உருவி எடுத்திருக்கிறான். நல்ல தந்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் ஊர் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த துணி காலோடு ஒட்டிக்கொண்டது. நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். ஒரு காலை அம்மா இழுத்துக்கொண்டிருந்தாள், மற்றக் காலை அம்மாயி.

அந்த இடத்தில் "ஏன்" என்று கேட்டிருந்தால் அன்றைய இரவு வேறு மாதிரிப் போயிருக்கும். நான் கேட்டது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி.

"எத்தனை அங்குலத்துக்குக் குறைச்சே?"

"பதினொன்னு."

"குதிக்காலைச் சுத்தி அளவு எடுத்தியா?"

பதில் இல்லை.

"குதிக்காலோட சேர்த்துப் பாதத்தைச் சுத்தி அளந்தா உனக்கு 13க்கு மேல வரும். இது இழுபடாத துணி. அளவே எடுக்காம வெட்டுறவனை நான் கடையில வேலைக்கு வெச்சுக்க மாட்டேன்."

அம்மாயிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. காலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது பார்த்தேன், ஓரளவு நேராகத்தான் தைத்திருந்தான். அதையும் சொன்னேன். குற்றத்தில் ஒரு திறமை ஒளிந்திருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். கடைசியில் பள்ளிக்கூடமும் ஏற்கிற, அவனும் ஏற்கிற ஒரு அளவுக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். அந்த அளவை இங்கே எழுதினால் நாளைக்குக் கடையில் வரிசை நிற்கும்.

கோபம் தலைக்கு ஏறியிருந்தால் "எப்படி" என்ற கேள்வியும் "ஏன்" மாதிரியேதான் ஒலிக்கும். அதற்கு எனக்கு ஒரு வழி இருக்கிறது. கோபமாக இருக்கும்போது தைக்க உட்கார்ந்தால் ஊசி உடையும். பிரிக்க வேண்டிய துணியை எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன். ஒரு பக்கத் தையல் முழுவதும் பிரித்து முடியும் வரைக்கும் பேசுவதில்லை. உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு வேலை இருக்கும். வெங்காயம் உரிப்பது மட்டும் வேண்டாம், அழுகிறீர்கள் என்று பிள்ளை பயந்துவிடும்.

கதை யாருக்குச் சொந்தம்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒருவனுக்கு நடந்த சொதப்பலைச் சொல்லிச் சிரிக்கும் உரிமை முதலில் அவனுக்குத்தான். அவன் சொன்ன பிறகு, அவன் விட்டால், மற்றவர்களுக்கு.

மலையகத்தில் இது கூடுதலாக முக்கியம். வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, 10க்கு 12 அடி இருந்தால் பெரிது. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. எங்கள் வீட்டில் தாளிக்கிற வாசனை எப்படி அடுத்த வீட்டுக்குப் போகிறதோ அப்படித்தான் பேச்சும் சிரிப்பும் போகும். நீங்கள் வீட்டுக்குள் மெதுவாகச் சொன்ன பகிடி காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நிற்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும்.

மூத்தவள் ஒரு லீவுக்கு வந்தபோது கல்லூரியில் படித்த ஒன்றைச் சொன்னாள். டேவிட் எல்கைன்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் எழுதியது. பருவ வயதுப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டம் இருப்பதாகவும், அந்தக் கூட்டம் தங்கள் முகப்பரு தொடக்கம் செருப்பு வரைக்கும் கவனித்துக்கொண்டே இருப்பதாகவும் கற்பனை செய்துகொள்வார்களாம். அதற்குக் கற்பனைப் பார்வையாளர் என்று பெயர். அவள் சொல்லி முடித்ததும் தம்பி, "அவர் நம்ம லயத்துக்கு வந்ததில்லை போல. இங்கே கற்பனையெல்லாம் ஒன்னும் இல்லை, நிஜமாவே பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள்.

பட்டப்பெயர் இன்னொரு ஆபத்து. தோட்டத்தில் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் போகாது. எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இளைஞனாக இருந்தபோது ஒரு மழைநாளில், தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருக்கிற கானில் வழுக்கி விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் 'கான் மாமா'. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கான் மாமா வீட்டுப் பிள்ளைகள். அவர் காலமானபோது அடித்த மரண அறிவித்தலிலும் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டிருந்தார்கள். போடாவிட்டால் யார் செத்தார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிடம் விழுந்ததற்கு ஆயுள் முழுவதும்.

அதனால்தான் என் மகனின் காமன் கூத்துக் கதையில் நான் வாயை மூடிக்கொண்டேன். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து வைத்தார்கள். சிவன் மதனை எரிக்கிற கதை, மதனின் மனைவிதான் ரதி. ரதி வேஷம் வழக்கப்படி ஆண்பிள்ளைக்குத்தான். மெலிந்த உடம்பு, முகமும் பொருந்தும் என்று இவனைப் பிடித்துவிட்டார்கள். சேலையை நான்தான் கட்டிவிட்டேன், அவிழாமல் இருக்க உள்ளே நாலு தையலும் போட்டேன். எல்லாம் நன்றாகப் போனது. மதன் எரிந்த பிறகு ரதி புலம்ப வேண்டிய இடம். பெண்கள் எல்லோரும் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக இருக்கிறார்கள். பையன் மேல் சுருதியில் எடுத்தான். பாதியில் குரல் உடைந்து, ஐம்பது வயது ஆளின் கட்டைக் குரலாக இறங்கிவிட்டது. தப்பு மேளம் அடித்தவருக்கே கை நின்றுபோனது. பிறகு திடலே சிரித்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவிக்கும் அம்மாயிக்கும் கண்ணால் சொல்லி வைத்தேன். ஆறுதலும் சொல்லவில்லை. "பரவாயில்லைடா, எல்லோருக்கும் நடக்கிறதுதான்" என்பதெல்லாம் அந்த நேரத்தில் உப்பு தடவுகிற வேலை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டான், படுத்துவிட்டான். மறுநாள் கூட்டாளிமார் "ஏய் ரதி" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்கள். அதற்கும் நான் குறுக்கே போகவில்லை. தகப்பன் போய் அதட்டினால் பட்டப்பெயருக்கு முத்திரை குத்தியதாகிவிடும்.

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரு இரவு ரொட்டி சுடும் நேரத்தில், அம்மாயி எதையோ கேட்க, அவரிடம் மேல் சுருதியில் "என் நாதா" என்று தொடங்கி, கட்டைக் குரலில் "ரொட்டி இன்னும் வேகலையா" என்று முடித்தான். அம்மாயிக்கு இருமலே வந்துவிட்டது. அன்றைக்குக் கதை அவன் கைக்கு வந்தது. இப்போது சொந்தக்காரர் யார் வந்தாலும் அவனே நடித்துக் காட்டுகிறான். "ரதி" என்று கூப்பிட்டால் கட்டைக் குரலில் "என்ன?" என்கிறான், கூப்பிட்டவன்தான் சிரிக்கிறான்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா உடையுறதுக்கு முந்தி நல்லாத்தான் பாடினேன்னும் எழுதணும்" என்றான். நல்லாத்தான் பாடினான்.

சிரிக்கவே கூடாத இடங்கள்

இதை நீட்டப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். உடம்பு, நிறம், பரு, மீசை முளைப்பது, பரீட்சை முடிவு, ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது அவன் முகம் மாறுவது. பெண்பிள்ளையாக இருந்தால் மாதவிலக்கு சம்பந்தப்பட்ட எதுவும். சடங்கு என்ற பெயரில் ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தவர்களே பிறகு அதை வைத்துக் கிண்டலும் அடிக்கிறார்கள், எனக்கு இது இன்றுவரைக்கும் விளங்கவில்லை. குடும்பத்தில் காசு இல்லாததால் நடந்த சொதப்பலையும் விட்டுவிடுங்கள். செருப்பு அறுந்து ஒற்றைச் செருப்போடு வந்தவனிடம் சிரிப்பு எடுபடாது. அதோடு, அழுதுகொண்டிருக்கும்போது போனைத் தூக்கி வீடியோ எடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. டிக்டொக்கில் ஏறியது கீழே இறங்காது, கான் மாமா கதையாவது ஒரு தோட்டத்தோடு நின்றது.

ஒரு வரி போதும்

சில நேரம் பகிடி நம் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளை பயந்து போயிருப்பான், பிடிபட்டது அவனுக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். அப்போது நீளமான கிண்டல் உதவாது. ஒரு வரி, அதுவும் திட்டு இல்லை என்று உடனே விளங்குகிற வரி.

அவனுடைய போனில் டேட்டா முடிந்துபோன ஒரு இரவு என் போனை எடுத்திருக்கிறான். நான் தூங்கிவிட்டேன் என்று கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான்: "மச்சான், பெருசு தூங்கிருச்சு. மெதுவா வா." அனுப்பியது கூட்டாளிக்கு இல்லை. எங்கள் கோயில் கமிட்டி குரூப்புக்கு. கமிட்டித் தலைவருக்கு வயது எழுபதுக்கு மேல், தூக்கம் குறைவு. உடனே பதில் போட்டுவிட்டார்: "எங்கே வரணும் தம்பி?" அவருக்குப் பின்னால் பொருளாளர்: "நானும் வரணுமா?"

காலையில் போனைப் பார்த்தேன். பையன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பெருசு எழும்பிருச்சு" என்றேன். கோப்பைக்குள்ளேயே சிரித்து, தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் இரவில் எங்கே போவதாக இருந்தது, யாரோடு என்றெல்லாம் பேசினோம். ஃபுட்போல் மெட்ச் பார்க்கத்தான், பக்கத்து லயத்தில். அதற்கு அனுமதி கேட்டிருக்கலாம், இனிமேல் கேட்க வேண்டும் என்ற பேச்சு முறையாகவே நடந்தது. சிரித்த பிறகு பேசினால் அந்தப் பேச்சு அவன் காதில் ஏறுகிறது.

நானுஓயா விஷயமும் அப்படித்தான். ஹட்டனில் டியூஷன் முடிந்து நுவரெலியா பஸ்ஸில் ஏறியவன் தூங்கிப்போய், தலவாக்கலை, லிந்துலை எல்லாம் தாண்டி நானுஓயாவில் கண் முழித்திருக்கிறான். "அப்பா, கோவிச்சுக்காதீங்க" என்று போனில் தொடங்கும்போதே பல் நடுங்குகிற சத்தம் கேட்டது. வெளிச்சமாக இருக்கிற கடை வாசலில் நிற்கச் சொன்னேன், திரும்பி வரும் பஸ் பற்றிக் கடைக்காரரிடம் கேட்கச் சொன்னேன், கையில் காசு இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் சரி என்றதும், "சரி, போனது போயிட்டே. கரட் மலிவா இருந்தா ரெண்டு கிலோ வாங்கிட்டு வா" என்றேன். நிஜமாகவே வாங்கிக்கொண்டு வந்தான். லீக்ஸும்.

இப்படித் தூங்கிப்போவதைச் சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொண்டு திட்டுகிற பெற்றோர் அதிகம். கடையில் தினமும் கேட்கிறேன். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பிந்திவிடும். தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் முன்பிருந்ததை விடப் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் இரவில் 11 மணி வரைக்கும் கண் கொட்டக் கொட்ட முழித்திருப்பார்கள். பள்ளிக்கூடமோ 7.30க்குத் தொடங்கிவிடும். தோட்டத்திலிருந்து நடந்து வந்து பஸ் பிடிக்கிற பிள்ளை இருட்டோடு எழும்ப வேண்டும். கிடைத்த சீட்டில் தூங்காமல் என்ன செய்வான்? விஷயம் தெரிந்தால் பாதிக் கோபம் வராது. மீதிப் பாதிக்குக் கரட்.

பழைய சொதப்பல்களை வெளியே எடுங்கள்

வீட்டில் பெரியவர்கள் யாரும் ஒருநாளும் தவறியதே இல்லை என்ற மாதிரி நாம் நடந்துகொண்டால் பிள்ளைக்குத் தன் சொதப்பல் மட்டும் மலையாகத் தெரியும். அம்மாயி இருக்கிற வீடுகளுக்கு இதில் அதிர்ஷ்டம். எங்கள் அம்மாயி மகளைப் பற்றிச் சொல்கிற கதை ஒன்று உண்டு. என் மனைவி முதல் நாள் கொழுந்து எடுக்கப் போனபோது, நிறை கூடினால் பெயர் கிடைக்கும் என்று கீழே இருக்கிற முத்தின இலையையெல்லாம் உருவிக் கூடையை நிரப்பியிருக்கிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது காதில் ஏறவில்லை. ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, அனுப்பக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் கூடையைச் சாக்கில் கொட்டிவிட்டு, "இது ஸ்டோருக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டாராம். அம்மாவுக்கு இப்படி நடந்ததா என்று மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவி முறைத்தாள். பிறகு கணக்கப்பிள்ளை அதைச் சொன்ன தோரணையை அவளே நடித்துக் காட்டினாள். அம்மாயி சொன்னதை விட அது நன்றாக இருந்தது.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ரொபின் ஃபிவஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். 20 கேள்விகள் வைத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் குடும்பக் கதைகள் எவ்வளவு தெரியும் என்று பார்த்தார்கள். கூடுதலாகத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. இதுவும் மூத்தவள் கொண்டுவந்த செய்திதான். எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை 2023இல் எல்லா ஊரிலும் நினைவுகூர்ந்தார்கள். நடந்து வந்த கஷ்டத்தைப் பிள்ளைகள் மேடைகளில் நிறையக் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். அந்த ஆட்கள் சொதப்பிச் சிரித்த கதைகளை மேடையில் யாரும் சொல்வதில்லை. அதை அம்மாயிமார்தான் சொல்ல வேண்டும், அதுவும் ரொட்டி சுடும் நேரத்தில்.

அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது

இதுதான் கஷ்டமான பாடம். பிள்ளையின் சொதப்பலில் சிரிக்கப் பழகிய வீட்டில் ஒருநாள் உங்கள் முறை வரும். வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். "அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அதோடு கடை மூடிவிட்டது. மரியாதைக்குறைவான வார்த்தை வந்தால் அந்த வார்த்தையை மட்டும் திருத்துங்கள், கதையைத் தொடரவிடுங்கள்.

போன திருவிழாவில் மாரியம்மன் கோயில் மைக்குக்கு நான் பொறுப்பு. அன்னதானம் பற்றி அறிவித்துவிட்டு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற மனைவியிடம், "எனக்கு நாலு வடை எடுத்து ஒளிச்சு வை, கமிட்டிக்காரங்க பார்க்கிறதுக்குள்ள" என்று சொன்னேன். மைக் ஓனில் இருந்தது. எங்கள் லவுட்ஸ்பீக்கர் நல்ல லவுட்ஸ்பீக்கர், தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்கும் கேட்கும். "பெருசு" குரல் பதிவுக்கு அன்று பதில் போட்ட அதே தலைவர் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

மகனுக்கு இது கிடைத்தது போதும். சட்டை தைக்க வருகிற பையன்களிடமெல்லாம் கடையிலேயே நின்று, என் குரலிலேயே சொல்கிறான். கதை யாருக்குச் சொந்தம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பதால், முதலில் என்னிடம் அனுமதி கேட்டான், கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை, நீங்களும் இதைக் கடைப்பிடியுங்கள்: அவர்கள் சொல்லும்போது நடுவில் புகுந்து விவரம் திருத்தக்கூடாது. நான் கேட்டது நாலு வடை. அவன் சொல்லத் தொடங்கியபோது எட்டாக இருந்தது. போன வாரம் லிந்துலையிலிருந்து அளவு கொடுக்க வந்த ஒரு பையன், "அங்கிள், இருபது வடையையும் நீங்களே சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவனுக்கு இடுப்பளவு எடுத்தேன்.